சேலைக்குள் ஒரு பை

என் கர்ப்பப்பை இன்னும் என் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் மார்த்தாண்டத்தில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையிலும், எங்கள் சபையிலும், என் அண்ணன் வீட்டிலும்கூட, எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்றுதான் ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தார்கள். நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். நாற்பத்தாறு வயதுப் பெண் கர்ப்பப்பையை எடுத்தாள் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. வெயிட் தூக்காதே, நல்லா ரெஸ்ட் எடு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

எனக்கு வந்தது மலக்குடலில் புற்றுநோய். புற்றுநோய் என்று சொல்ல எனக்குப் பயம்தான் இருந்தது, வெட்கம் இல்லை. அதற்கு முன்னால் வருகிற மலக்குடல் என்ற சொல்லைத்தான் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை.

என் பெயர் லில்லிபாய். பத்தொன்பது வருஷமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறேன். ஒரு நாளைக்கு நூறு பேர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற வேலை. ஆனாலும் நாலு பேர் நடுவில் நடந்துபோக எனக்குக் கால் வராது. சர்ச்சுக்கு ஐந்து நிமிஷம் பிந்திப்போனால் உள்ளே போகமாட்டேன். நடுவில் நடந்துபோனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று, ஆராதனை முடியும்வரை வெளியே செருப்புகளோடு நின்ற ஞாயிறுகள் உண்டு. ஒருநாள் கடையில் சேலையின் ஓரம் ஒரு சாண் அளவு பிரிந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் வரை முதுகை அலமாரியோடு ஒட்டிவைத்துக்கொண்டுதான் சேலை காட்டினேன். இப்படிப்பட்ட ஒருத்திக்கு இப்படிப்பட்ட ஒரு நோய் வந்தது.

மாசி மாதத்தில் ஒருநாள் காலையில் மலத்தோடு ரத்தம் போனது. மூலம் என்று நினைத்தேன். நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு அது வருவது வழக்கம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருந்துக்கடையில் தெரியாத ஆளாகப் பார்த்து ஒரு களிம்பு வாங்கினேன். மோர் குடித்தேன், கருணைக்கிழங்கு தின்றேன். ரத்தம் ஒரு வாரம் நிற்கும், பிறகு வரும். போய்விட்டு வந்தாலும் போன மாதிரியே இருக்காது. கடையில் நாலைந்து தடவை கழிவறைக்குப் போகவேண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் மேனேஜர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, மூன்றாவது தடவைக்குமேல் அடக்கிக்கொண்டு நின்றேன்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. ஒரு தடவை போனேன். கடைக்கு எதிர்ப்புறச் சந்தில் ஒரு கிளினிக். அங்கே டோக்கன் கொடுக்கிற பெண் எங்கள் கடையில் சேலை எடுப்பவள். ஆள் நிறைந்த ஹாலில், என்ன பிரச்சினை என்று சத்தமாகக் கேட்டு நோட்டில் எழுதுவாள். என் முறை வந்தது. தலைவலி என்றேன். உள்ளே போய் டாக்டரிடமும் அதையே சொன்னேன். தலைவலி மாத்திரையோடு வெளியே வந்தேன். இப்படியாக எட்டு மாதம்.

ஐப்பசியில் மேல் ரேக்கில் இருந்து பட்டு எடுக்க ஏணியில் ஏறியபோது கண் இருட்டியது. விழவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கூட வேலை பார்க்கும் சுனிதாதான் கையைப் பிடித்து இறக்கினாள். மறுநாள் என் வீட்டுக்காரர் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு குழித்துறையில் ஒரு லேடி டாக்டரிடம் போனார். வீட்டுக்காரர் பெயர் ராஜமணி. ரப்பர் பால் வெட்டுகிற வேலை. விடியுமுன் தோட்டத்துக்குப் போய், எட்டரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். பேச்சு குறைவு. எங்களுக்கு ஒரே மகள், பெங்களூரில் வேலை பார்க்கிறாள்.

உடம்பில் இருக்கவேண்டிய ரத்தத்தில் பாதிதான் இருக்கிறது என்றார் டாக்டர். எங்கே போகிறது ரத்தம் என்று கேட்டார். வீட்டுக்காரரை வெளியே அனுப்பச் சொன்னேன். அவர் போனபிறகு, மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். டாக்டர் கையுறை போட்டு விரலால் பரிசோதித்தார். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை, ஆனால் கையுறையில் ரத்தம் இருக்கிறது, உள்ளே கேமரா விட்டுப் பார்த்தே ஆகவேண்டும், நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதிக்கொடுத்தார்.

அந்தச் சோதனைக்குப் பெயர் கொலனோஸ்கோப்பி. முந்தின நாள் உப்பும் கசப்புமான ஒரு தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்து வயிற்றைக் கழுவ வேண்டும். சோதனையைவிட அந்தத் தண்ணீர்தான் கஷ்டம். சோதனையின்போது மயக்கம் வருகிற மாதிரி ஊசி போடுவார்கள். பின்பக்கமாக ஒரு மெல்லிய குழாய் போகும், அதன் நுனியில் கேமரா. சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் துளி சதையைக் கிள்ளி எடுப்பார்கள். அதைத்தான் பயாப்சி என்கிறார்கள். வலிக்கவில்லை. வெளியே ஹாலில் காத்திருந்தபோது, ஒரு நர்ஸ் என் பெயரையும் சோதனையின் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டதுதான் வலித்தது. தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனேன். அந்த ஹாலில் எத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தலையைக் குனிந்திருந்தவளுக்கு அது எப்படித் தெரியும் என்று அப்போது தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் ரிசல்ட் வந்தது. சர்ஜன் ஒரு காகிதத்தில் குடலைப் படம் வரைந்து காட்டினார். கட்டி இருக்கிற இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு நுனியையும் சேர்த்துத் தைப்பார்கள். தைத்த இடம் ஆறும்வரை அந்த வழியாக மலம் போகக்கூடாது. அதனால் சிறுகுடலில் ஒரு வளைவை வயிற்றின் வலதுபக்கமாக வெளியே எடுத்து, தோலோடு சேர்த்துத் தைத்துவைப்பார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர். கழிவெல்லாம் அது வழியாக வந்து, வயிற்றில் ஒட்டியிருக்கும் ஒரு பையில் விழும். பிறகு மருந்தெல்லாம் முடிந்து, எல்லாம் சரியாக இருந்தால், இன்னொரு சின்ன ஆபரேஷன் செய்து குடலை உள்ளே வைத்து மூடிவிடலாம்.

ஏதாவது கேட்கவேண்டுமா என்றார்.

"வெளியே தெரியுமா, டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிழைப்பேனா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டது என் வீட்டுக்காரர், நான் எழுந்து வெளியே போன பிறகு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சிஸ்டர் ரெஜினா என்ற நர்ஸ் வந்து, என் வயிற்றில் ஒரு பேனாவால் குறி போட்டார். உட்காரச் சொன்னார், நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார். சேலை எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டு, அந்த மடிப்புக்குக் கீழே வருகிற மாதிரி குறியைத் தள்ளிப்போட்டார். என்னிடம் இவ்வளவு அக்கறையாக ஒருவர் சேலை கட்டுவதைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சேலையைப் பற்றி நான்தான் மற்றவர்களிடம் கேட்பேன்.

கண் விழித்தபோது மூக்கிலும் வயிற்றிலும் குழாய்கள். மூன்றாம் நாள்தான் குனிந்து பார்த்தேன். கீழுதட்டை மடக்கிப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்குமோ அப்படி, சிவப்பாக, ஈரமாக, ஒரு நெல்லிக்காய் அளவுக்கு வயிற்றில் இருந்து வெளியே நின்றது. தொட்டால் எனக்குத் தெரியவில்லை. அதற்கு உணர்வு கிடையாது, பயப்படாமல் தொடலாம் என்றார் சிஸ்டர். அது தானாக அசைந்தது. அதோடு, அது சத்தமும் போட்டது. வாயு பிரியும்போது நாம் அடக்கலாம். இதை அடக்க முடியாது. நினைத்த நேரத்தில் பர் என்று பையை ஊதும்.

எட்டுக் கட்டில் உள்ள வார்டு. எனக்குப் பக்கத்துக் கட்டிலில் தேங்காய்ப்பட்டணத்துக்காரி ஒருத்தி. செய்யதும்மா என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். அறுபதுக்கு மேல் இருக்கும். சர்க்கரையால் கால் விரல் இரண்டை எடுத்துவிட்டு, புண் ஆறக் காத்திருந்தார். நல்ல சிரித்த முகம். காலையில் அவருக்கு ஒரு சொந்தக்காரப் பெண் டிபன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள். நான் வந்த முதல் இரண்டு நாள் என்னிடம் ஊர், சபை, பிள்ளைகள் என்று எல்லாம் விசாரித்தார். ஆபரேஷன் முடிந்து நான் வார்டுக்கு வந்தபிறகு ஒன்றைக் கவனித்தேன். பார்வையாளர் நேரம் நாலு மணிக்கு. மணி நாலு ஆனதும் செய்யதும்மா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்து, தலையோடு போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். ஆறு மணிக்கு எல்லாரும் போனபிறகுதான் திரும்புவார்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். என் பையின் வாடை. மத்தியானக் கஞ்சி இறங்கி பை நிறைகிற நேரமும் அதுதான். பாவம், பெரிய மனுஷி, வாய்விட்டுச் சொல்ல முடியாமல் மூக்கை மூடிக்கொண்டு கிடக்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லி இரண்டு டப்பா பவுடர் வாங்கிவரச் சொன்னேன். கட்டிலைச் சுற்றிக் கொட்டினேன். அடிக்கடி திரைச்சீலையை இழுத்துவிட்டேன். கட்டிலை மாற்றித் தரமுடியுமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். எதற்கு என்றார். ஜன்னல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் பையின் பசை விட்டுவிட்டது. என் அண்ணனும் அண்ணியும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கர்ப்பப்பை ஆபரேஷன் என்று நம்பி ஹார்லிக்ஸோடு வந்தவர்கள். போர்வைக்குள் சூடாக நனைவது தெரிகிறது. எனக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லி அவர்களை அனுப்பினேன். பிறகு அழுதேன். சிஸ்டர் ரெஜினா வந்து, திரையை இழுத்து, துடைத்து, புதுப் பை ஒட்டினார். ஒட்டுகிற இடத்தில் தோல் ஈரமில்லாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம், இதற்கெல்லாம் அழுதால் முடியுமா என்றார். அழுகை பைக்காக இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. வார்டில் இருந்த ஏழு கட்டிலும், ஏழு கட்டிலைச் சுற்றி நின்றவர்களும் என்னையே பார்த்திருப்பார்கள் என்ற நினைப்புதான்.

மறுநாள் காலையில் செய்யதும்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"என்னத்துக்குப் பிள்ளே?" என்றார்.

"இந்த வாடைக்குத்தான். நாலு மணியானா நீங்க சுவருப் பக்கம் திரும்பிப் படுக்கியத நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன், உம்மா."

அவர் கட்டுப்போட்ட காலை மெதுவாக எடுத்து என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு வாடையும் அடிக்கல்ல மக்கா. நாலு மணிக்கு இஞ்ச எல்லாருக்கும் ஆளு வரும். எனக்கு மட்டும் ஆரும் வாறதில்ல. மூணு ஆம்பளப் பிள்ளையளப் பெத்தவ நான். மூணுபேரும் கல்ஃபில. மருமக்கமாரும் கூடத்தான். இவளுக்கு ஆருமில்லன்னு நீங்க எல்லாரும் என்னையே பாப்பியளேன்னு, உறங்குத மாதிரி கிடப்பேன்."

மூன்றடி தூரம். பத்து நாளாகப் பக்கத்தில் கிடக்கிறேன். அவருக்குப் பார்க்க ஆள் வரவில்லை என்பது எனக்குத் தெரியவே தெரியாது. அவர் முதுகைப் பார்த்தேன், போர்வையைப் பார்த்தேன், அதில் என் பை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"நான் அதக் கவனிக்கவே இல்ல, உம்மா," என்றேன்.

"நானும் உனக்க பையக் கவனிக்கல்லியே," என்றார்.

முதலில் அவர்தான் சிரித்தார். எனக்குத் தையல் போட்ட வயிறு. சிரித்தால் உயிர் போகும். தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்து முடிந்தபிறகு எனக்குக் கொஞ்சம் கேவலமாகவும் இருந்தது. என்னை யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தே பத்து நாளைப் போக்கியிருக்கிறேன். ஒரு மனுஷி பக்கத்தில் தனியாகக் கிடந்திருக்கிறார்.

அன்றைக்கு நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தபோது, நாற்காலியை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் போடச் சொன்னேன். செய்யதும்மா திரும்பிப் படுக்கவில்லை. ரப்பர் விலை என்ன, மழையில் பால் வெட்ட முடியுமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு வார்த்தைக்குமேல் பேசாத மனுஷன், அன்றைக்கு ஆறு மணிவரை பேசினார்.

வெட்டி எடுத்ததைச் சோதித்ததில் ஒரு நிணநீர் முடிச்சில் நோய் இருந்தது. நிணநீர் முடிச்சு என்பது உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கொட்டை மாதிரி இருக்கும் வடிகட்டி. நோய் கிளம்பி வெளியே போகும்போது முதலில் அங்கேதான் தங்கும். ஒன்றே ஒன்றுதான், ஆனாலும் கீமோ வேண்டும் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ட்ரிப், நடுவில் மாத்திரைகள். ஆறு மாதம். முடி எல்லாம் கொட்டவில்லை, கொஞ்சம் மெலிந்தது. ஆனால் குளிர்ச்சியாக எதையும் தொடமுடியாது. குழாய்த் தண்ணீர் பட்டாலே விரல் நுனியில் ஊசி குத்தும். கழிவு தண்ணீராகவே போகும் என்பதால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

வீட்டுக்காரர் பால் வெட்டிவிட்டு வந்து, வெந்நீர் போட்டு வைப்பார். கஞ்சி வைப்பார். மரச்சீனிக் கிழங்கை நாரெடுத்துக் குழைய வேகவைப்பார். கழிவறையில் இடுப்பு உயரத்தில் தனியாக ஒரு குழாய் வைத்து, நான் குனியாமல் பையைக் கழுவ வசதி செய்தார். எழுந்திருக்க முடியாத நாட்களில் அவரே பையை மாற்றினார். ரப்பர் மரத்தில் பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவிப் பழகிய கை. பையை ஒட்டுகிற தகட்டில் ஸ்டோமாவின் அளவுக்கு வட்டம் வெட்டுவதில் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்களைவிட சுத்தம்.

அப்படி ஒருநாள் வட்டம் வெட்டிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமல், மாசி மாசத்திலேயே தனக்குத் தெரியும் என்றார்.

என்ன தெரியும் என்றேன்.

குளியலறைத் தரையில் ரத்தம் பார்த்தாராம். நான் பாவாடைகளைத் தனியாகத் துவைப்பதையும், அலமாரிக்குள் களிம்பு இருந்ததையும் பார்த்தாராம். பின்னே ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"உன்னிட்ட ஒருத்தர் ஒண்ணு கேட்டா நீ ரெண்டு நாளு சோறு திங்க மாட்ட. நீயா சொல்லுவன்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு முடிச்சை நினைத்து நினைத்துக் கோபப்பட்டேன். எட்டு மாதத்துக்கு முன்னால் போயிருந்தால் அதில் நோய் வந்திருக்காதோ என்னவோ. டாக்டரிடம் கேட்டேன், அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மூன்றாம் நாள்தான் எனக்குப் பிடிபட்டது. ஊரே என்னைப் பார்க்கிறது என்று பயந்து ஒளிந்துகொண்டேன். ஊர் பார்க்கவில்லை. நிஜமாகப் பார்த்த ஒரே ஆள் என் வீட்டில் இருந்தார். பார்த்ததைச் சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று அவரை வாய்மூட வைத்திருந்ததும் நான்தான்.

கீமோ முடிந்து, உடம்பு கொஞ்சம் தேறியதும், ஓணம் சீசனுக்குக் கடைக்கு வரமுடியுமா என்று மேனேஜர் கேட்டார். பையை மூடும் ஆபரேஷனுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. வெயிட் தூக்கமாட்டேன், கவுண்டரில் மட்டும் நிற்பேன் என்று சொல்லிப் போனேன். பாவாடை நாடாவைப் பைக்குமேலே கட்டி, முந்தானையை அகலமாக விட்டுக்கொண்டேன். கைப்பையில் மாற்றுப் பை, துணி, பவுடர். முதல் நாள், கடைப் படியில் ஏறும்போது, கட்டிடமே என் வயிற்றைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

இரண்டாம் வாரம் ஒரு கல்யாண கோஷ்டி வந்தது. பதினைந்து பேர் இருப்பார்கள். கல்யாணப் பெண்ணின் அத்தை நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டிருந்தார். நான் ஒரு பட்டை விரித்துக் காட்டி, ஒரு கணம் எல்லாரும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் வயிறு தவளை மாதிரிக் கத்தியது. நீளமாக. அந்த அத்தை தலையைத் தூக்கி நேராக என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் காது அடைத்துவிட்டது.

"இதில மெரூன் பார்டர் உண்டா?" என்றார்.

உண்டு என்று எடுத்துக் கொடுத்தேன். அவசரத்தில் தலைகீழாக நீட்டியிருந்தேன். அதையும் யாரும் பார்க்கவில்லை. இன்னொரு நாள் பை லேசாகக் கசிந்து, சேலையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். சுனிதா பார்த்துவிட்டு, அக்கா சாயா கொட்டிட்டியளா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் பில் போடப் போய்விட்டாள்.

புரட்டாசியில் குடலை உள்ளே வைத்து மூடினார்கள். பத்து மாதத்துக்குப் பிறகு வயிறு வயிறாக இருந்தது. ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போகவேண்டியிருந்தது, பழகப் பழகக் குறைந்தது. கார்த்திகையில் கடைக்குத் திரும்பினேன். முந்தானையை இறுக்கிக் குத்தி, நிமிர்ந்து நடந்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முகம் தெளிவாக இருக்கிறதே என்றுகூட யாரும் கேட்கவில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பத்து மாதம் ஜெபித்தவள் நான். யாருமே பார்க்கவில்லை என்றபோது, எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. இவ்வளவு பெரிய ஒன்று எனக்கு நடந்து முடிந்திருக்கிறது, அவரவர் சேலையை அவரவர் மடித்துக்கொண்டிருக்கிறார்களே என்று இருந்தது. இந்த மனசை என்ன செய்வது.

அதனால்தானோ என்னவோ, ஒருநாள் மத்தியானம் சாப்பிடும் அறையில் சொல்லிவிட்டேன். ஆறு பேர் இருந்தோம். எனக்குக் கர்ப்பப்பை எடுக்கவில்லை, மலக்குடலில் புற்றுநோய், வயிற்றில் பை வைத்துக்கொண்டுதான் ஓணத்துக்கு இங்கே நின்றேன் என்றேன். மலக்குடல் என்ற சொல்லைச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்கிறோமே என்று அப்போதும் ஒரு பயம். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். வலித்ததா, இப்போது என்ன சாப்பிடலாம் என்று கேட்டார்கள். ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு ஒருத்தியின் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்த பேச்சு வந்தது. எல்லாரும் அதற்குப் போய்விட்டார்கள். நானும்தான் போனேன்.

அன்று சாயங்காலம் கடை விட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது சுனிதா பக்கத்தில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள். எப்போதும் முன்னால் நிற்கிற பஸ்ஸில் ஓடி ஏறுகிறவள், அன்றைக்கு நின்றுகொண்டே இருந்தாள். மத்தியானம் நான் சொன்ன அந்தக் குழித்துறை டாக்டர் பேர் என்ன என்று கேட்டாள். அவளுடைய சித்திக்காம்.

பேரைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கண் என்னைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. வட்டம் வெட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் குனிந்த தலை ஞாபகம் வந்தது.

"சித்திக்கா, உனக்கா?" என்று கேட்டேன்.

அவள் செருப்பு நுனியால் ஒரு பஸ் டிக்கெட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எத்தன மாசமா?"

"நாலு," என்றாள்.

கருங்கல் பஸ் வந்தது. அவள் ஊர் வழியாகப் போகிற பஸ். படியில் கால் வைக்கப் போனவளின் கையைப் பிடித்தேன். பஸ் போய்விட்டது. தூண் பக்கமாக இருந்த சிமெண்ட் பெஞ்சில் இரண்டுபேரும் உட்கார்ந்தோம். சுற்றிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் கூடைகள், போனில் கத்திப் பேசுகிறவர்கள், திருவனந்தபுரம் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள். சுனிதா வாயருகே முந்தானையை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துப் பார்த்து, காதில் விழாத குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

"சத்தமாவே சொல்லு மக்கா," என்றேன். "இஞ்ச ஆரும் கேக்கல்ல. நான் மட்டும்தான் கேக்கேன்."